பழுதை அகற்றும் வல்லமை

பழுதே உண்டாகாத பட்டறை உலகத்தில் எங்கும் இல்லை. தேர்ந்த கொல்லன் கையிலும் அரம் ஒரு நூல் பிசகும். நல்ல இரும்பிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். ஆகையால் ஒரு பட்டறையின் யோக்கியதையை அளக்க விரும்புவோர், அங்கே பழுது உண்டாகிறதா என்று கேட்பதில் பயனில்லை. உண்டான பழுது எவ்வளவு சீக்கிரத்தில் தெரியவருகிறது, தெரிந்தபின் அதை என்ன செய்கிறார்கள் என்றே கேட்க வேண்டும். பூட்டுத் தொழிலால் பெயர்பெற்ற திண்டுக்கல் நகரவாசிகளுக்கு இதை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கையால் அராவிப் பொருத்திய லீவர்கள் ஒன்றுக்கொன்று இசையாவிடில் சாவி திரும்பாது. திரும்பாத பூட்டைச் சந்தைக்கு அனுப்புகிறவன் தன் பட்டறைக்குத் தானே பூட்டுப் போட்டவனாவான். 2019-ம் வருஷத்தில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழுதைப் பட்டறை வாசல் தாண்டவிடாத பல தலைமுறைகளின் கைநேர்மைக்குக் கிடைத்த மரியாதையாகவே அதை நாம் கொள்கிறோம்.

பட்டறைக்குரிய இந்த நீதி மனிதனுக்கும் முந்தியது. நம் உடம்பிலுள்ள ஒவ்வோர் உயிரணுவும் இடைவிடாது இந்த நீதியை நடத்திக்கொண்டிருக்கிறது. உயிரணுக்கள் தம்முள்ளே பழுதுபட்ட ரைபோசோம்களை எவ்வாறு இனங்கண்டு அகற்றுகின்றன என்பதைச் சென்ற இருபது வருஷ காலமாக விஞ்ஞானிகள் படிப்படியாகத் துலக்கி வருகிறார்கள். தமிழ் மண்ணிற் பிறந்த ஒருவருக்கும் அம்முயற்சியில் முக்கியமான பங்கு உண்டு. ஆனால் அவர் வேலை செய்த மேஜை தமிழ்நாட்டில் இல்லை. இவ்விரண்டு விஷயங்களையும் சேர்த்துச் சிந்திக்க வேண்டுமென்று நேயர்களை வேண்டுகிறோம்.

ரைபோசோம் என்பது யாது?

உடலின் கட்டுமானமும் வேலையும் பெரும்பாலும் புரதங்களால் ஆனவை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பதும், உண்ட சோற்றைச் செரிப்பதும், தசையைச் சுருக்கி விரிப்பதும் புரதங்களே. இன்ன புரதம் இன்னபடி செய்யப்பட வேண்டும் என்ற சட்டம் உயிரணுவின் உட்கருவில் எழுதப்பட்டிருக்கிறது. அச்சட்டத்தின் நகல் ஆர்.என்.ஏ. என்னும் ஓலையாக வெளிவருகிறது. அந்த ஓலையை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, அதிற் சொன்னபடி அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் புரதமாக்கும் யந்திரமே ரைபோசோம். சிறியதும் பெரியதுமான இரண்டு பாகங்கள் சேர்ந்து ஒரு ரைபோசோம் ஆகிறது. மனித ரைபோசோமில் ஏறக்குறைய 80 புரதங்களும் நான்கு ஆர்.என்.ஏ. இழைகளும் உண்டு. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 30,000 ரைபோசோம்களுக்கு மேல் வரிசையாக வைத்துவிடலாம் என்றால் அதன் நுண்மை விளங்கும்.

1955-ல் ஜார்ஜ் பலாடே என்பார் எலெக்ட்ரான் நுண்காட்டியின் மூலம் இத்துகள்களைக் கண்டு வெளியிட்டார். 1958-ல் இவற்றுக்கு ரைபோசோம் என்ற பெயர் வழங்கலாயிற்று. ஆயினும் அதன் உள்ளமைப்பு அணு அணுவாகத் தெரிய 2000-ம் வருஷம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வருஷத்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சி சாலையில், வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவினுடைய ரைபோசோமின் சிறிய பாகத்தின் வடிவத்தைத் தம் குழுவினருடன் வெளியிட்டவர், 1952-ல் சிதம்பரத்திற் பிறந்த வெங்கடராமன் ராமகிருஷ்ணன். 2009-ல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் என்னும் இருவரோடு சேர்த்து இவருக்கு ரசாயனத்திற்கான நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

பழுதறியும் முறைகள்

யந்திரம் என்றால் பழுதும் உண்டு. விஞ்ஞானிகள் இப்பரீட்சைகளுக்குப் பெரிதும் பயன்படுத்திய உயிர் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். ரொட்டியை உப்பச் செய்வதும் அதுவே. மதுவைப் புளிக்கச் செய்வதும் அதுவே. கள்ளுக்கடை மறியலில் நின்ற பரம்பரையினருக்கு அதனிடம் பிரியம் இல்லாமற் போகலாம். ஆயினும் விஞ்ஞானத்திற்கு அது செய்துள்ள தொண்டு பெரிது. வேகமாக வளரும் ஓர் ஈஸ்ட் அணுவில் ஏறக்குறைய 2,00,000 ரைபோசோம்கள் உண்டு. நிமிஷத்துக்கு 2,000 வீதம் அது புதிதாக ரைபோசோம்களைச் செய்கிறது. இத்தனை விரைவில் செய்யப்படுவனவற்றுள் சில கோணலாக அமைந்துவிடுவது இயல்பே.

முதற் பரீட்சை, வேலையில் அமர்த்துவதற்கு முன்னரே நடக்கிறது. புதிய தேரைச் சுவாமி ஏறுவதற்கு முன் வெள்ளோட்டம் விடும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. உயிரணுவும் அவ்வாறே செய்கிறது. அமெரிக்காவில் காத்ரின் கார்ப்ஸ்டைன் அம்மையாரின் குழுவினர் 2012-ல் காட்டியபடி, புதிதாக உருவாகும் சிறிய பாகம் முதலில் ஒரு பெரிய பாகத்தோடு சேர்த்துப் பார்க்கப்படுகிறது. ஓலையும் இல்லை, புரதமும் இல்லை. வெறும் ஓட்டம் மாத்திரம். அதில் தேறியதே தொழிலுக்கு அனுப்பப்படுகிறது.

வெள்ளோட்டத்தில் தப்பிவிட்ட பழுது வேலையிலே வெளிப்படும். 2006-ல் மெலிஸா மூர் அம்மையாரின் குழுவினர் ஒரு யுக்தி செய்தார்கள். ரைபோசோமின் ஆர்.என்.ஏ.யில் முக்கியமான ஓர் எழுத்தை மாத்திரம் வேண்டுமென்றே மாற்றி, பார்வைக்கு முழுமையாகவும் வேலைக்கு உதவாததாகவும் உள்ள ரைபோசோம்களை ஈஸ்ட் அணுவிற் செய்வித்தார்கள். நல்லவை நெடுநேரம் நிலைத்திருக்க, இந்தப் பயனற்றவை மாத்திரம் தேடிப் பிடித்து அழிக்கப்பட்டன. சிறிய பாகம் பழுதானால் அதற்கு ஒரு வழி, பெரிய பாகம் பழுதானால் அதற்கு வேறு வழி என்பதும் தெரிந்தது. 2009-ல் ஜப்பானில் கியோட்டோ நகரத்து விஞ்ஞானிகள், பழுதுபட்ட பெரிய பாகத்தின்மேல் யுபிக்விட்டின் என்னும் சிறு புரதம் முத்திரைபோல ஒட்டப்படுவதைக் கண்டனர். இம்முத்திரை விழுந்த பொருள் அழிவுக்குரியதெனக் கொள்ளும் முறையைக் கண்டறிந்த மூவருக்கே 2004-ல் நோபெல் பரிசு கிடைத்திருந்தது. சிறிய பாகத்திலும் அவ்வாறே முத்திரை இடப்படுவது பின்னர் தெரியவந்தது.

இதில் நாம் வியக்க வேண்டியது ஒன்றுண்டு. உயிரணுவிடம் ரைபோசோமின் உருவத்தைச் சோதித்துச் சான்று கொடுக்கும் தனி உத்தியோகஸ்தர் கூட்டம் எதுவும் இல்லை. வேலையே அங்கு சோதனை. ஓலையின்மேல் ஏறி நகர முடியாமல் நின்ற இடத்திலேயே நிற்கும் ரைபோசோம், தன் பழுதைத் தானே அறிவித்துக்கொள்கிறது. அதன்மேல் முத்திரை விழுகிறது. இரு பாகங்களும் பிரிக்கப்படுகின்றன. பழுதான பாகம் சிதைக்கப்பட்டு மூலச்சரக்காகிறது. பழுதற்ற பாகம் தப்பிப் பிழைத்து வேறு துணையோடு வேலைக்குத் திரும்புகிறது. திண்டுக்கல் பட்டறையில் ஒரு லீவர் கெட்டதற்காகப் பூட்டு முழுவதையும் குப்பையில் எறிவாருண்டோ?

குற்றம் யாருடையது?

இனி, இதனினும் நுட்பமான ஒரு கேள்வி உண்டு. ரைபோசோம் நின்றுவிட்டதென்றால் குற்றம் ரைபோசோமுடையதாகவே இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. யந்திரம் நன்றாயிருந்து, அதற்குக் கொடுத்த ஓலை கிழிந்ததாகவோ எழுத்துப் பிழை மலிந்ததாகவோ இருக்கலாம். அப்பொழுதும் ரைபோசோம் நடுவழியில் நிற்கும். பின்னால் வரும் ரைபோசோம் அதன்மேல் வந்து மோதும். ஒற்றை மாட்டுவண்டிப் பாதையில் முன்வண்டி அச்சு முறிந்து நின்றால் பின்வண்டிகள் முட்டி நிற்பதுபோல ஆகிவிடும்.

இந்த மோதலே உயிரணுவுக்கு அபாய அறிவிப்பு என்பதை 2018-ல் கேம்பிரிட்ஜில் இராமானுஜன் ஹெக்டேயின் குழுவினர் வெளியிட்டார்கள். அதே ஆராய்ச்சி சாலையைச் சேர்ந்த ராமகிருஷ்ணனும் அவ்வாராய்ச்சியில் பங்குகொண்டார். தனியே நின்ற ரைபோசோமை அன்றி, ஒன்றோடொன்று மோதி நிற்கும் இரண்டின் இடையே உண்டாகும் வடிவத்தையே காவற் புரதம் ஒன்று அடையாளம் கண்டு முத்திரையிடுகிறது. அதன்பின் நடப்பது கவனிக்கத்தக்கது. ரைபோசோமின் பாகங்கள் பிரிக்கப்படுகின்றன. அரைகுறையாய்ச் செய்யப்பட்ட புரதம் லிஸ்டெரின் என்னும் புரதத்தால் அழிவுக்கு அனுப்பப்படுகிறது. பிழையான ஓலை கிழித்தெறியப்படுகிறது. குற்றமற்ற ரைபோசோமோ மீண்டும் தொழிலுக்கு வருகிறது.

தொழிலாளி பழுதென்றால் தொழிலாளியை நீக்குவதும், உத்தரவு பழுதென்றால் உத்தரவைக் கிழித்துத் தொழிலாளியைக் காப்பதும் ஆகிய இந்த விவேகம் நம் அரசாங்க காரியாலயங்களிற் காணக் கிடைக்குமா? மேலிடத்து உத்தரவின் பிழைக்காகக் கீழ்க் குமாஸ்தா தண்டிக்கப்படுவதையும், பயனற்ற ஸ்தாபனம் ஒன்றைக் காப்பதற்காக நல்ல உத்தரவு கிழிக்கப்படுவதையும் அன்றோ நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம்!

இவ்விவேகம் தவறிப்போனால் வரும் விளைவு கொடியது. லிஸ்டெரின் புரதம் பழுதான சுண்டெலிகளின் நரம்புகள் சிதைந்து நடை தளர்வதை 2009-ல் விஞ்ஞானிகள் கண்டனர். குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் போதிய அளவு ஊறாமற் போகும் ஒருவகைப் பிறவிச் சோகைக்கு ரைபோசோம் புரதம் ஒன்றின் குறையே காரணம் என்பது 1999-ல் வெளியாயிற்று. அதன்பின் அவ்வகைக் குறைகள் இன்னும் பல தெரியவந்தன.

பஞ்ச காலத்திலும் உயிரணு ஒரு தர்மத்தைக் கடைப்பிடிக்கிறது. ஈஸ்டைப் பட்டினி போட்டால் அது தன் ரைபோசோம்களைத் தேர்ந்தெடுத்துத் தானே விழுங்கிச் செரிக்கிறது என்று 2008-ல் ஸ்விட்சர்லாந்தின் ஸூரிச் நகரத்திலிருந்து செய்தி வந்தது. வரவு குறைந்தால் முதலில் பெருஞ்செலவுள்ள பட்டறைகளைக் குறைத்து அணுவின் உயிரைக் காப்பது அதன் கொள்கை. தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-ல், ஸர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை ராஜதானியில் செலவைக் குறைக்க வந்து, பஞ்ச வேலை செய்த ஏழைகளின் கூலித் தானியத்திலேயே கைவைத்தார். ஒரு சிற்றுயிருக்குத் தெரிந்த சிக்கனம் ஒரு சாம்ராஜ்யத்துக்குத் தெரியவில்லை.

பழுதைக் காலங்கடந்து காண்பதன் நஷ்டத்தைத் திண்டுக்கல் சமவெளி நன்கறியும். தோல் பதனிடும் சாலைகளின் கழிவு நீர் நிலத்தில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்த கதை இங்கு யாருக்கும் புதிதன்று. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டார் திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து ஜில்லாக்களின் தோல் சாலைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். அபராதத்தினால் கெட்ட கிணறு இனிக்குமா? கழிவு முதல் வாய்க்காலைத் தாண்டுமுன் அதைக் காணும் ஏற்பாடு பட்டறைக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். உயிரணு நமக்குப் புகட்டும் முதற்பாடம் இதுவே.

அறிவின் பயன்

இவ்வாராய்ச்சியால் ஏழை ஜனங்களுக்கு என்ன லாபம் என்று கேட்பவர் உளர். கேள்வி நியாயமானதே. பாக்டீரியாக்களுக்கும் ரைபோசோம் உண்டு. அதன் அமைப்பு நம்முடையதினின்று சற்று வேறுபட்டது. அந்த வேற்றுமையைப் பயன்படுத்தி, நம்மை விட்டு நோய்க் கிருமியின் ரைபோசோமை மாத்திரம் முடக்கும் மருந்துகள் பல. க்ஷயத்துக்கு வழங்கிய ஸ்ட்ரெப்டோமைசின் அவ்வகையைச் சேர்ந்தது. 1948-ல் வெளிவந்த ஆரியோமைசினும் அவ்வகையே. அம்மருந்து வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி சாலையை அப்பொழுது நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திர நாட்டிற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்றவர். காந்தியடிகளின் சொல்லுக்கிணங்கிக் கதர் அங்கி அணிந்து அறுவைச் சிகிச்சைக்கூடத்திற்குள் சென்றமையால் வெள்ளைக்கார ஆசிரியரின் கோபத்திற்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் தாழ்ந்த பட்டத்துடன் வெளிவந்தவர். அவருக்கும் இடம் கொடுத்தது அயல்நாடே.

வத்தலக்குண்டில் 1884-ல் பிறந்த தியாகி சுப்பிரமணிய சிவாவை நினையுங்கள். 1908-ல் சிறை புகுந்து 1912-ல் வெளிவந்தபொழுது அவர் உடம்பில் குஷ்டநோய் குடியேறியிருந்தது. அந்நோயைக் கண்டிப்பாகக் குணப்படுத்தும் மருந்து அன்று உலகில் எங்கும் இல்லை. 1925-ல் அவர் மறைந்தார். இன்று அந்நோய் மருந்துக்குக் கட்டுப்பட்டது. அதற்கு வழங்கும் மருந்துகளுள் ஒன்றாகிய மினோசைக்கிளின், கிருமியின் ரைபோசோமைப் பிடித்து நிறுத்துவது. ரைபோசோம் எவ்வாறு இயங்குகிறது, எவ்வாறு நிற்கிறது என்று அறிவது வீண் வேலை என்பாருக்கு இதற்குமேல் விடை வேண்டுமா?

நாம் செய்ய வேண்டுவன

நோபெல் பரிசு கிடைத்த செய்தி வந்தபொழுது இந்தியா முழுவதும் ராமகிருஷ்ணனை நம்மவர் என்று கொண்டாடினோம். பிறப்பு தற்செயலாக நேர்வது என்று அவர் அமைதியாகச் சொல்லிவிட்டார். அச்சொல் சிலருக்குக் கசந்தது. நமக்கு அதில் கசப்பில்லை. அதில் உண்மை இருக்கிறது. மூன்று வயதில் சிதம்பரத்தை விட்டுப் பரோடாவுக்குப் போனவர். அங்கே பௌதிகத்தில் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர். 1999 முதல் கேம்பிரிட்ஜில் வேலை செய்தவர். பல வருஷம் பலன் தெரியாமல் ஒரே துகளை ஆராய்வதற்குப் பொறுமையுடன் பணம் கொடுத்த ஸ்தாபனம் அது. தொட்டிலைக் காட்டிப் பெருமை பேசும் உரிமை நமக்குண்டு. ஆராய்ச்சி மேஜையைக் காட்டிப் பெருமை பேச நம்மிடம் என்ன இருக்கிறது?

பயன் கருதாத விஞ்ஞானம் இந்த ஜில்லாவுக்கு ஒவ்வாததென்று சொல்ல முடியாது. திண்டுக்கல் சமவெளியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலைத்தொடரின்மேல், கொடைக்கானலில், 1901 முதல் சூரியனைப் பார்த்துக் குறித்துவரும் வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை 1909-ல் ஜான் எவர்ஷெட் கண்டது அங்கேதான். சூரியனிலுள்ள களங்கத்தை ஆராய நூறு வருஷத்துக்கு மேலாக இடம் கொடுத்த மலையடிவாரத்தில், உயிரணுவிலுள்ள பழுதை ஆராய ஓர் அறை கிடைக்கக்கூடாதா? டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமம் நகரத்துக்கு அருகிலேயே இருக்கிறது. அதன் கிராமியக் கல்வி ஸ்தாபனம் 1976-ல் பல்கலைக்கழக அந்தஸ்தும் பெற்றது. நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் கல்லூரிகள் பல உண்டு. மாணவர்களும் உண்டு. குறைவது வசதியும் துணிவுமே.

2020-21 கணக்கின்படி நமது தேசம் தன் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது 0.64 சதவீதம். சீனம் 2 சதவீதத்துக்கு மேலும், தென் கொரியா 4 சதவீதத்துக்கு மேலும் செலவிடுகின்றன. ஆராய்ச்சி மாணவர்கள் தமக்குச் சேர வேண்டிய உதவிச் சம்பளம் மாதக்கணக்கில் தாமதமாவதைப் பற்றிப் பலமுறை முறையிட்டிருக்கிறார்கள். இது பழுதா, இல்லையா? நின்ற இடத்திலேயே நிற்கும் ரைபோசோமைச் சில நிமிஷங்களில் காண முடிகிற உயிர்களாகிய நாம், நின்றுபோன ஒரு கோப்பை ஒரு வருஷத்தில் காண முடியாதா?

சர்க்காரை நாம் கேட்பவை மூன்று. ஆராய்ச்சி மாணவரின் சம்பளம் மாதந்தோறும் தவறாமல் சேர வேண்டும். ஜில்லாத் தலைநகரங்களின் கல்லூரிகளில் ஈஸ்ட் போன்ற சிற்றுயிர்களை வளர்த்துப் பரீட்சை செய்யத் தக்க ஆராய்ச்சி சாலைகள் ஏற்பட வேண்டும். ஈஸ்ட் வளர்க்கப் பெருங்கோட்டை வேண்டியதில்லை, சுத்தமான அறையும் தடையில்லாத மின்சாரமும் தேர்ந்த ஆசிரியரும் போதும். மூன்றாவதாக, இவ்விஷயங்கள் தமிழில் போதிக்கப்பட வேண்டும். ரைபோசோம் என்ற சொல் அயலாயிருந்தாலும் அதன் வேலையைத் தமிழில் சொல்ல இயலும் என்பதற்கு இக்கட்டுரையே ஒரு சிறு அத்தாட்சி.

சர்க்காரை மாத்திரம் குறை கூறி நாம் ஒதுங்கிவிடலாகாது. தோலிலும் நூலிலும் பூட்டிலும் பொருள் ஈட்டிய திண்டுக்கல் வியாபாரிகள் கோயிலுக்கும் பள்ளிக்கும் வாரிக் கொடுத்தவர்கள். ஆளுக்கொரு மாணவனை ஆராய்ச்சியில் அமர்த்த அவர்கள் முன்வருவாராக. தேசத் தொண்டில் ஈடுபட்ட வாலிபர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் உயிரின் பெருமையை மேடையிற் பேசுவதோடு நில்லாமல், தத்தம் ஊர்க் கல்லூரியின் ஆராய்ச்சி அறையைச் சென்று பார்த்து, அங்கே என்ன குறைவு என்று கேட்டு, அதை ஊரறியச் சொல்வாராக.

சுதந்தரம் பெற்ற தேசத்தில் பழுதே இராது என்று யாரும் சத்தியம் செய்ததில்லை. பழுதை மறைப்பவர் தேசாபிமானிகள் ஆகார். அதைக் கண்டு, குற்றம் உத்தரவினதா உத்தியோகஸ்தனுடையதா என்று பிரித்தறிந்து, நல்ல பாகத்தைக் காத்துக் கெட்ட பாகத்தைச் சிதைத்துப் புதியதற்கு மூலச்சரக்காக்குபவரே தேசத்தை உயிரோடு வைத்திருப்பவர். இத்தொழிலை ஒவ்வோர் உயிரணுவும் நம் ஒவ்வொருவருள்ளும் இந்த நிமிஷத்திலும் செய்துகொண்டிருக்கிறது. அதை ஆராய்ந்தறியும் வேலையில் நம் பிள்ளைகள் நம் மண்ணிலேயே அமரும்படி செய்வது நம் கடமை.